வெள்ளாற்றுப் பாலத்து மேடு

விருத்தாசலத்துச் சூளையில் பீங்கான் பொம்மைகளை வாங்கி, சைக்கிளிலேயே சேத்தியாத்தோப்புச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது என் பிழைப்பு. பஸ்ஸில் ஏற்றினால் பாதி உடைந்துவிடும். வைக்கோல் அடைத்த இரண்டு கூடைகளைப் பின்னால் கட்டினால் முன்சக்கரம் மேலே தூக்கப் பார்க்கும். நான் ஏறும்வரை மனைவி முன்னால் பிடித்துக்கொள்வாள். அதன்பிறகு சந்தை வரும்வரை இறங்கக் கூடாது. இறங்கினால் தனியாக ஏற முடியாது.

ஐம்பது வயதைத் தாண்டியபின், வழியிலுள்ள வெள்ளாற்றுப் பாலத்து மேட்டில் மூச்சு வாங்கத் தொடங்கியது.

"பாலத்து மோட்ட ஏறிடுவீங்களா? முடியலன்னா வுட்டுடலாம்" என்றாள் மனைவி.

"ஏறிடுவேன். வேற என்னா தெரியும் எனக்கு?"

அன்று எதிர்க்காற்று. மேட்டின் பாதியில் முழங்கால் மறுத்துவிட்டது, காலை ஊன்றிவிட்டேன். கைப்பிடியை விட்டால் சுமை பின்னால் சாய்ந்து எல்லாம் நொறுங்கிவிடும். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றேன். யாரையும் கூப்பிட எனக்கு வாய் வராது.

பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "இன்னா பெரியவரே, நின்னு காத்து வாங்குறீங்களா?"

"ஆமாங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு யாரும் நிற்கவில்லை. நெஞ்சைக் கைப்பிடிமேல் சாய்த்துக்கொண்டு, வந்த வழியே திருப்பித் தள்ளினேன்.

வீடு சேர இருட்டிவிட்டது. பொம்மை ஒன்றுகூட உடையவில்லை. மனைவி கூடைகளைப் பார்த்தாள். காலையில் பிடித்ததுபோலவே முன்னால் வந்து பிடித்துக்கொண்டாள். நான் கூடைக் கயிற்றை அவிழ்த்தேன். அதன்பிறகு ஒருநாளும் அதைக் கட்டவில்லை.