தமிழரசி கேட்ட ஒரு கையெழுத்து

தமிழரசி இறந்துபோன செய்தி வந்தபோது நான் பெரம்பலூரில் ஒரு டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். என் மனைவி மலர் போனில் கூப்பிட்டாள். "அரசியை லாரிக் கல்லு அடிச்சுடுச்சுங்க. கடைய தொறக்க ஸ்கூட்டியில வந்துட்டு இருந்துச்சாம். முன்னால போன லோடு வேகத்தடையில குதிச்சு, கல்லு நேரா தலையில வுழுந்திருக்கு. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள உசுரு போயிடுச்சு" என்றாள். அப்புறம், "பாய் கட்டாத வண்டியாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் வண்டியின் தார்ப்பாயும் சீட்டுக்குப் பின்னால் மடித்தபடியே கிடந்தது.

நான் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுபவன். இருபது வருடமாக இதே வேலை. தமிழரசிக்கான இந்த நினைவு மலரில் என் எழுத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். கடிக்கத்தான் வேண்டும். என்னை எழுதச் சொன்னது தமிழரசியின் அக்கா. "நல்லதா நாலு வார்த்தை எழுத ஊர்ல ஆளு இருக்கு. நீங்க நடந்ததை எழுதுங்க" என்றார். நடந்ததை எழுதுகிறேன். தமிழரசி வயதில் என்னைவிடச் சிறியவள், என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று ஊருக்கே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். என் லைசென்ஸைப் புதுப்பித்துத் தந்ததும் அவள்தான். வாய் மட்டும் பொல்லாத வாய். ஆதார் கார்டை மறந்துவிட்டு வருகிறவர்களிடம், "வூட்ல தலைய மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டு வந்தீங்களே" என்பாள்.

அவள் கடை வாசலில்தான் கொத்தனார் குமார் லாரியில் அடிபட்டான். சைக்கிளில் வேலைக்குப் போனவன். பின்சக்கரம் இடுப்பில் ஏறி இறங்கியது. தூக்க முடியவில்லை, கோணிச் சாக்கில் வாரித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாரியவர்களில் தமிழரசியும் ஒருத்தி. ரத்தத்தின் மேல் மண் கொட்டி மூடுவதற்குள் அடுத்த லாரி அதன்மேல் ஏறிப் போனது. அதை ஓட்டியவன் நான் இல்லை. ஆனால் நானாக இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். எங்களுக்கு நடைக்குத்தான் சம்பளம். பாய் கட்ட இருபது நிமிஷம் போனால் சாயங்காலத்துக்குள் ஒரு நடை போய்விடும். அதனால் கல்லை மேலே குவித்துக்கொண்டு பாயில்லாமல் பறப்போம்.

அன்றைக்கே கையைக் கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாளாம். "கலெக்டர் ஆபீஸ் பெட்டியில எத்தனை மனு போட்டாச்சு. அது பெட்டியிலயே கெடக்குது. இதை அவங்க கம்பெனி சிமெண்டு வாங்கறவன், பங்கு வாங்கறவன் எல்லாம் பாக்கட்டும்" என்று சொல்லி, இணையத்தில் எவரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு மனுவை ஆலை நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டாள்.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு போன் நம்பர் வேண்டும், நம்பருக்கு ஓடிபி வரும். ஒவ்வொரு வீடாகப் போய், மனுவை வாய்விட்டுப் படித்து, "நான் இப்ப என்னா படிச்சேன், சொல்லுங்க" என்று கேட்பாள். திருப்பிச் சொன்னால்தான் பெயரைப் போடுவாள். முதல் மனு இரண்டு பக்கத்துக்கு நீண்டிருந்தது. நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பாயைக் கட்டு, பள்ளிக்கூட நேரத்துல வராதேங்கற. இதுக்கு ஏன் ஆத்தா இவ்ளோ இழுக்கற?" என்றாராம். அங்கேயே நின்று மனுவை அந்த இரண்டு வரியாகக் குறைத்தாள். சிரித்துக்கொண்டே இதை எல்லோரிடமும் சொல்வாள்.

பிசகியது குமாரின் வீட்டில். இங்கே சாவு விழுந்த வீட்டில் வருஷத் திதி முடியும்வரை அந்த ஆளையும் வீட்டில் ஒருவராகக் கணக்கில் வைத்துத்தான் பேசுவார்கள். குமாரின் அம்மா வள்ளியம்மை மகன் போனுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார். "எம் புள்ள பேரைத்தான் மொதல்ல போடணும். அவனுக்கு நடந்ததுதானே இது? அப்புறமாத்தான் எம்பேரு" என்று போனை நீட்டினார். ஓடிபி வந்தது. தமிழரசி போட்டுவிட்டாள். விஷயம் பரவி, இதே ரோட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற வீடுகளும் அப்படியே கேட்டன. ஒரு வீட்டில் போட்டுவிட்டு இன்னொரு வீட்டில் முடியாது என்று எப்படிச் சொல்வது? எல்லாப் பெயரையும் போட்டாள். நாளெல்லாம் விண்ணப்பம் போடுகிறவளுக்கு அது தப்பென்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் போட்டாள்.

மனு பரவப் பரவ ஆலைக்குக் குடைச்சல் வந்தது. ஆனால் ஆலைக்காரர்கள் பாயைக் கட்டச் சொல்லவில்லை. ஒப்பந்த லாரிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, "மனு விவகாரம் முடியட்டும்" என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் வண்டி ஓடவில்லை. பதினோராம் நாள் யாரோ ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். செத்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் போட்டு, பிணங்கள் கையெழுத்துப் போட்ட மோசடி மனு என்று எழுதியிருந்தது. இணையத்திலிருந்தும் மனுவை எடுத்துவிட்டார்கள். வண்டி ஓடுமா என்று கேட்கப் போய் நின்ற எங்களிடம், எடைமேடையில் ஒப்பந்தக்காரரின் ஆள் சொன்னான்: "செத்தவன் பேரை வச்சு ஒரு பொம்பள உங்க சாவியப் புடுங்கிட்டா. நீங்க டீ குடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

பதினோரு பேர் அவள் கடைக்குப் போனோம். மத்தியானம் மூன்று மணி, ரோட்டில் ஆள் இருந்தது, யாரும் கிட்டே வரவில்லை. கண்ணாடிக் கதவை ஒருவன் உதைத்தான். ஜெராக்ஸ் மிஷினைத் தூக்கி வாசலில் போட்டார்கள். ஊர்க்காரர்களின் பட்டாவும் சான்றிதழும் சாக்கடையில் மிதந்தன. அவள் முடியைப் பிடித்து ஒருவன் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்க இறங்க, "பேரைப் போட்டது நாந்தான்டா. பெத்தவ கேட்டா போட்டேன். தைரியம் இருந்தா அந்தம்மாகிட்டப் போயி மோசடின்னு சொல்லு" என்று கத்தினாள்.

என் கையில் ஜாக்கி ராடு இருந்தது. கம்ப்யூட்டரை உடைக்கத்தான் ஓங்கினேன். அவள் வலது கையை நீட்டி மறைத்தாள். ராடு இறங்குவதற்குள் நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவையும் அடித்தேன். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

போலீஸ் வந்தது, வழக்கு பதிந்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. மறுநாளிலிருந்து வண்டிகளும் ஓடத் தொடங்கின. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழரசி டவுன் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். ஒன்றும் தெரியாத மலர் காபி கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, யாருன்னு போலீஸ்ல கேட்டாங்க. மொகத்தைப் பாக்கலன்னுட்டேன். நல்லாப் பாத்தேன். உங்க பொறந்த தேதி வரைக்கும் எனக்குத் தெரியும். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதீங்க, எனக்கு ஆத்திரம் தீரல. இப்ப புது மனு போட்டிருக்கேன், உசுரோட இருக்கறவங்க பேரு மட்டும்தான். அதுல ஒரு டிரைவர் கையெழுத்து வேணும். இல்லன்னா ஊருக்கும் டிரைவருக்கும் சண்டைன்னு சொல்லிட்டு கம்பெனி ஒதுங்கிக்கும். உங்கள ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யாருகிட்டக் கையெழுத்து வாங்கறது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்றேன். "போவும். குமாருக்கு என்னா போச்சு?" என்றாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மலர் தன் போனில் வந்த ஓடிபியை அவளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிரவு மலர் எனக்குச் சோறு போட்டாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வெகுநாள் பார்க்கவில்லை.

இந்த இரண்டாவது மனுவை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. கடைசியில் ஆலையிலிருந்து பதில் வந்தது. பள்ளிக்கூட நேரத்தில் லாரி ஓடாது, பாய் கட்டாத வண்டி வாசலைத் தாண்டாது என்று போர்டு வைத்தார்கள். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் வாசலில் பார்ப்பவர்கள் பார்ப்பதை விட்டார்கள், நாங்களும் கட்டுவதை விட்டோம். தமிழரசி விடவில்லை. கோணிப்போன விரல்களால் போனைப் பிடித்து, பாயில்லாத வண்டிகளைப் படமெடுத்து மனுவின் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள். என் வண்டியையும் எடுத்தாள். எடுத்துவிட்டு வண்டி நிற்கிற இடத்துக்கே வந்து, "அண்ணே, இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி" என்பாள். ஒன்றரை வருடம் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

அவளைக் கொன்ற வண்டியை அன்று மாலையே பிடித்தார்கள். ஓட்டியவன் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவன். கல் விழுந்ததே தனக்குத் தெரியாது என்று அழுதானாம். நம்புகிறேன். இருபது வருடத்தில் என் வண்டியிலிருந்து எத்தனை கல் விழுந்தது, எவர்மேல் விழுந்தது என்று எனக்கும் தெரியாது. இதை நினைக்கும்போது வருகிற ஆத்திரத்தில் பாதி ஆலைமேல், பாதி என்மேல். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே நின்று அவளுடைய மனுவைத் திறந்தேன். பெயர் போட்டேன், ஓடிபி போட்டேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. "நான் டிரைவர். பாய் கட்டாமல் ஓட்டியிருக்கிறேன். எங்களை அப்படி ஓட்ட வைத்தார்கள், நாங்களும் ஓட்டினோம்" என்று எழுதினேன். அவள் உடலைத் துணி சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்கவில்லை, திறக்கும்படி இல்லை. வலது கை மட்டும் வெளியே சரிந்திருந்தது. வள்ளியம்மை அதை எடுத்து உள்ளே வைத்தார்.

மறுநாள் ஒப்பந்தக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்களில் நான்கு பேர் பிறகு மனுவில் பெயர் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் என்னோடு பேசுவதில்லை.

தமிழரசியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவளுடைய தீராத ஆத்திரத்தை. அவள் என்னை மன்னித்துவிட்டுப் போகவில்லை. அது எனக்கு நல்லதாகவே போயிற்று. அவள் காரியம் முடிந்த மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். அவள் கடையை உடைத்த வழக்கில், கையை உடைத்தது நான், கூட வந்தவர்கள் இன்னார், அனுப்பியவன் இன்னான் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "புகார் கொடுத்தவங்களே செத்துட்டாங்களேய்யா. இனிமே எதுக்கு இது?" என்றார்.

"அடிச்சவன் உசுரோடதான் சார் இருக்கேன், எழுதிக்குங்க" என்றேன்.