வால்வுப் பெட்டி வாய் திறந்த நாள்

தொண்ணூற்றொன்றாம் வருடம் எங்கள் மெல்லிசைக் குழுவில் யார் காதிலும் விழாத ஆள் நான்தான். பேஸ் கிடார் வாசித்தேன். தண்டலம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்தால் இந்த நாலு கம்பி. கல்யாணமோ திருவிழாவோ, மைக்செட்காரர் மரத்துக்கு மரம் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வரும், கீபோர்டு வரும், தபேலாகூட வரும். பேஸ் மட்டும் வராது. அந்தக் குழாய்க்கு அடித்தொண்டையே கிடையாது. நான் விரல் தேய வாசித்துக்கொண்டிருப்பேன், கீழே உட்கார்ந்திருப்பவன் "இவன் இன்னாத்துக்கு சும்மா நிக்கிறான்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்பான். என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழுவை நடத்தியவரே முதன்மைப் பாடகரும். தங்கமான மனிதர், வாய் மட்டும் கத்தி. ஆடி மாதம் மண்ணூர் பக்கம் ஓர் அம்மன் கோயில் கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதோ பாருப்பா, புது கீபோர்டு வந்துட்ச்சு. கீபோர்டுக்காரன் இடது கையாலயே உன் வேலையும் பாத்துடுறான். வேன்லயும் ஒரு ஆள் எடம் மிச்சம். கச்சேரி நடுவுல நான் கைய தூக்குவேன், நீ நிறுத்திடு. இன்னாடா கொறையுதுன்னு கூட்டத்துல ஒருத்தனாச்சும் நிமிந்து பாத்தா, நீ இரு. இல்லன்னா அன்னியோட சரி. கோச்சுக்காத."

கோபித்துக்கொள்ளக் கூடாதாம்! வீடு வரும்வரை சைக்கிள் பெடலைத்தான் உதைத்தேன். இந்த இடமும் போய்விட்டால் நான் வெறும் ஃபிட்டர். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி கிடாரை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இருந்த ஒரே துணை ஒரு பெட்டி. சென்னையில் ஏதோ ஹோட்டல் பேண்டு கலைந்தபோது குழுவுக்கு வந்து சேர்ந்த பேஸ் ஆம்ப்ளிஃபயர். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல இரண்டு கண்ணாடி வால்வுகள். கிடாரின் சின்னச் சத்தத்தை முதலில் வாங்கி வளர்த்துக் கொடுப்பவை அவைதான். ஸ்விட்சைப் போட்டால் சற்றுப் பொறுத்து ஊதுவத்தி நுனிபோலச் சிவக்கும். ஆயுதபூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தோமே தவிர, அதை எப்படிப் பேசவைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சத்தம் கூட்டிக் குறைக்க முகப்பில் இருந்த எல்லாத் திருகையும் கடைசிவரை திருகிவைப்பது எங்கள் வழக்கம். இருப்பதெல்லாம் முழுசாக வரட்டும் என்ற ஆசை. வந்ததோ 'ஊம்ம்ம்' என்று ஒரே முனகல். என்ன சுரம் வாசிக்கிறேன் என்று எனக்கே புரியாது.

முதலில் கம்பியில் கைவைத்தேன். வியர்வை ஊறிச் செத்துப்போன கம்பியைச் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்தால் உயிர் வரும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அவசரத்துக்கு அகப்பட்டது இட்லிப் பானை. குடத்தோடு உள்ளே வந்த என் மனைவி, அவள் என் அத்தை மகளும்கூட, பானையை எட்டிப் பார்த்தாள்.

"மாமா! இன்னாத்த வேக வெச்சிகினு கீற?"

"கம்பி."

"கம்பியா? வெந்துட்ச்சான்னு எப்பிடி பாப்ப, கடிச்சா? இந்தப் பானையில இனிமே நீயே ஊத்தி நீயே துன்னு."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கம்பிகளைத் துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தது அவள்தான். மாட்டி ஒரு தட்டு தட்டினேன். 'ணங்' என்றது. வராண்டாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தன்னை மறந்து "அட!" என்றாள்.

கச்சேரி அன்று நானும் அவளும் மத்தியானமே போய்விட்டோம். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைகள் வந்தபிறகு மேடை போடுவது சுலபம். அங்கிருந்து வரும் காலி இரும்பு டிரம்களை வரிசையாக நிறுத்தி மேலே பலகை அடுக்கிவிடுவார்கள். அதன்மேல் பெட்டியை ஏற்றி, வழக்கம்போல எல்லாத் திருகையும் முழுக்கத் திருகி வாசித்தேன். மேடையே உறுமியது. சுரம் என்று ஒரு மண்ணும் இல்லை. முன்கூட்டியே வந்திருந்த கீபோர்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வராத குறை.

அப்போதுதான் ஃபிட்டர் புத்தி வேலை செய்தது. மெஷினில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவர் நுனியை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். மனைவியிடம் கிடாரைக் கொடுத்து, "இந்தக் கம்பிய தட்டிகினே இரு" என்றேன்.

"அத்தினி பேரு பாக்குறாங்க, போ மாமா."

"தட்டு தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

தட்டினாள். ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்துக் கேட்டேன், சுரம் ஓரளவு தெரிந்தது. பலகையில் வைத்தேன், கொஞ்சம் கலங்கியது. குனிந்து டிரம்மில் வைத்தேன். அங்கேதான் இருந்தது பேய்! ஒவ்வொரு காலி டிரம்மும் தன் இஷ்டத்துக்கு ஊளையிட்டு என் சுரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. கடவுளே, எத்தனை கச்சேரி! பெட்டியைத் திட்டினேன், கம்பியைத் திட்டினேன், என் தலையெழுத்தைத் திட்டினேன். குற்றவாளி இத்தனை நாளும் காலடியில் நின்றிருக்கிறான்.

பெட்டியை இறக்கி, மேடையை ஒட்டி வெறும் தரையில் இரண்டு மணல் மூட்டைமேல் வைத்தேன். மனைவியை மைதானக் கடைசிப் புளியமரத்தடிக்கு அனுப்பினேன். சுரம் புரிந்தால் கையைத் தூக்கவேண்டும், புரியாவிட்டால் காதைப் பொத்தவேண்டும். எல்லாத் திருகையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பெட்டிக்கு இது புது அனுபவம், எனக்கும்தான்.

சத்தம் வரும் அளவுக்கு மட்டும் திறந்து, பேஸ் திருகை ஏற்றினேன், காதைப் பொத்தினாள். இன்னும் ஏற்றினேன், இரண்டு கையாலும் பொத்தினாள். மனசே இல்லாமல் அதைப் பாதிக்கும் கீழே இறக்கி, நடுத்தரச் சத்தத்துக்கென்று இருந்து நாங்கள் மதிக்காத திருகைக் கொஞ்சம் ஏற்றினேன். பொத்திய கை இறங்கியது. பேஸைக் குறைத்தால் பேஸ் கேட்கிறது! இது என்ன அநியாயம்! மொத்தச் சத்தத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, வால்வுக்குள் போகிற சத்தத்தைக் கூட்டும் கெயின் திருகை மட்டும் எள்ளளவு எள்ளளவாக நகர்த்தினேன். ஓர் இடம் வந்தது. மெதுவாகத் தொட்டால் உருண்டையாக, எண்ணெய் தேய்த்ததுபோல ஒரு சுரம். அதே கம்பியை அழுத்தித் தட்டினால், பாடுகிறவன் உணர்ச்சியில் தொண்டை கம்மினால் வருமே, அந்தக் கரகரப்பு. அதை எழுப்புவதா வேண்டாமா என்று என் விரல்தான் முடிவுசெய்தது. சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குழாய் இரண்டு, உள்ளே ஒரு பொட்டுச் சிவப்பு. அதிலிருந்தா இது வருகிறது? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டு வருடமாக நான் வாசித்தது எதுவென்று அந்த வெயிலில்தான் எனக்கே தெரிந்தது.

நிமிர்ந்தால் மரத்தடியில் அவள் இல்லை. கையைத் தூக்க மறந்து பாதி மைதானம் ஓடிவந்துவிட்டாள்.

"மாமா, இங்க கேக்குது மாமா." வயிற்றில் கைவைத்துக் காட்டினாள். "பசியில கூழு எறங்குற மாரி கீது."

அதற்குமேல் யாரும் எனக்கு ஒரு பட்டம் தந்துவிட முடியாது. கண்ணில் நீர் முட்டியது. தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விளக்கு வைத்ததும் கச்சேரி தொடங்கியது. மேடைக்குக் கீழே, பெட்டி பக்கத்தில் நின்று வாசித்தேன். மூன்று பாட்டு முடிந்தது. பாடகர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாலாவது பாட்டில், இரண்டாம் சரணம் எடுக்கும் இடத்தில், இடது கையை உயர்த்தினார்.

நிறுத்தினேன். கை கம்பியை மூடியபடி இருந்தது. கூட்டத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது நிமிர்ந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முதல் வரியைப் பாடினார். இரண்டாவது வரியில் குரல் இடறியது. மூன்றாவது வரிக்கு வரவே இல்லை. தான் கை தூக்கியதையும் மறந்து, மைக் வாயருகே இருப்பதையும் மறந்து, என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யோவ், எங்கய்யா போன? வாசிய்யா!"