குழாயடியில் வைத்த பேஸ்ட்

ஈஜிபுராவில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய். குழாயடிச் சுவரில் நான் வைக்கும் பேஸ்ட் மட்டும் மளமளவென்று தீர்ந்தது. பக்கத்து வீட்டு சரளாதான் திருடி என்று முடிவு கட்டினேன். காலி டியூபின் அடியைப் பிரித்து, கணவரின் ஷேவிங் கிரீமை நிரப்பி, மடித்து வைத்தேன்.

மறுநாள் காலை வாயெல்லாம் நுரையோடு துப்பிக்கொண்டிருந்தவர், குழாயைத் திறந்துவிட வரும் வீட்டு ஓனர்! தண்ணீரை வீணாக்குகிறோம் என்று தினமும் எங்களைத் திட்டுகிறவர். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"என்ன சார் ஆச்சு?"

"ஏனில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி நழுவினார். திருடியதை எப்படிச் சொல்வார்?

இப்போதெல்லாம் பேஸ்ட்டை வீட்டுக்குள் வைக்கிறேன். சரளா கேட்டால் நானே பிதுக்கித் தருகிறேன். அந்த டியூப் மட்டும் குழாயடியிலேயே இருக்கிறது. தினமும் அவர் கண்ணில் படட்டும்.