தங்கை வீட்டுத் தகரக் கூரை

எங்கள் நாட்டின் துறைமுகத் தீவான பெசோவில், நான் தங்கியிருக்கும் என் அண்ணி மொயாவின் வீடும் அவள் தங்கை ரக்கெராவின் வீடும் அடுத்தடுத்தவை. நடுவே பன்றிக் கொட்டில், அதை ஒட்டிக் கிணறு. வேலைக்கும் படிப்புக்குமாக வெளித்தீவுக்காரர்கள் எல்லோரும் இந்த மணல் துண்டில் வந்து நெருக்கியடித்ததில் கிணற்றுத் தண்ணீர் உப்பும் நாற்றமுமாகிவிட்டது. அண்ணியின் இளைய மகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு.

ரக்கெராவின் கணவன் கப்பல் வேலையில் சம்பாதித்து வந்து தகரக் கூரை வேய்ந்து, பச்சை நிறத்தில் மழைநீர்த் தொட்டியும் வைத்தான். அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ரக்கெரா தினமும் ஒரு வாளி தண்ணீர் கொடுத்தனுப்பினாள். அது அண்ணிக்கு இன்னும் எரிந்தது.

"பாருங்க தம்பி, கப்பல்காரன் பொண்டாட்டி தானம் பண்றா! என் பழைய பாவாடையக் கட்டி வளந்தவ."

உறவுக்காரர் புபுசி என்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் எங்களில் யாரும் மறுக்க மாட்டோம். மறுத்தால் மானம் போய்விடும். ஒரு ஞாயிறு, தேவாலய வாசலில், பத்துப் பேர் காதுபட அண்ணி கேட்டாள்.

"ரக்கெரா, புபுசி கேக்கறேன். உன் தொட்டி எனக்கு வேணும்."

"தண்ணியா அக்கா?"

"தொட்டி!"

ரக்கெரா சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "எடுத்துக்கோ."

எங்கள் தீவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் என்ற தைரியத்தில், தொட்டியைத் தூக்கப் போன இடத்தில் சொன்னேன்: "அண்ணி, நம்ம கூரை தாழை ஓலை. அதுல நல்ல தண்ணி பிடிக்க முடியாது."

"ஃபிஜிக்குப் போய்ப் படிச்சது என் கூரையக் குத்தம் சொல்லவா? தூக்குங்க!"

தொட்டி வந்தது. வாளி நின்றது. இரண்டு வீடும் கிணற்றுக்கே திரும்பின. குழந்தை ஆஸ்பத்திரி வரை போய் எலும்பாகத் திரும்பியது.

பிறகு மழை கொட்டியது. எங்கள் ஓலையிலிருந்து தேநீர் நிறத்தில் பூச்சியோடு ஒழுகியது. எதிரே தகரத்திலிருந்து கண்ணாடி போல் இறங்கி மணலுக்குள் போனது. ரக்கெரா வாசலில் கைகட்டி நின்றாள்.

"திருப்பிக் கேட்டா குடுத்துட மாட்டேனா? கேக்க வாய் வலிக்குதா அவளுக்கு?" அண்ணி பல்லைக் கடித்தாள். உள்ளே குழந்தை தண்ணீர் கேட்டு முனகியது.

அண்ணி மழையில் இறங்கினாள்.

"ரக்கெரா! இன்னொரு புபுசி. என் தொட்டிய உன் கூரைக்குக் கீழ வெக்க எடம் வேணும்."

"உன் தொட்டியா?"

"பின்ன யாருதாம்?"

"சரி, வெச்சுக்கோ. குழாய் என் பக்கம் இருக்கட்டும்."

"நடுவுல இருக்கட்டும்டி!"

சண்டை போட்டுக்கொண்டே மூவரும் உருட்டினோம். நிரம்பத் தொடங்கியதும் ரக்கெரா தன் வீட்டுக் கோப்பை ஒன்றில் பிடித்து வந்து குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை மடமடவென்று குடித்தது. அண்ணி அழுதுகொண்டே அந்தக் கோப்பையின் பூவேலைப்பாட்டை உற்றுப் பார்த்தாள்.

"இது எப்ப வாங்கின?"