சட்டையில் காய்ந்த கல்தூள்

சட்டையில் காய்ந்திருக்கும் கல்தூள் பிள்ளைக்குக் கெடுதலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கருங்கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாக அறுத்துத் தேய்ப்பது என் வேலை. தண்ணீர் விட்டு அறுப்பதால் தூசி பறக்காது என்கிறார்கள். ஆனால் தெறிக்கும் சேறு சட்டையில் வெள்ளையாகக் காய்ந்துவிடும். பெண்கள் உடுப்பு மாற்ற அங்கே அறையும் இல்லை. சுன்னாகத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வீடு வந்ததும், ஓடிவரும் மகளைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போவேன்.

“என்னப்பா, செத்தவீட்டாலை வந்தவை மாதிரி முழுகிப்போட்டுத்தான் பிள்ளையைத் தொடுவீரோ?” என்று கணவர் சிரிப்பார்.

நேற்று மகள் ஓடிவரவில்லை. “அம்மா, முதல் முழுகிப்போட்டு வாங்கோ” என்றாள். முழுகிவிட்டு வந்து கையை நீட்டினேன். தகப்பனின் மடியை விட்டு அவள் இறங்கவேயில்லை.

இந்த வேலையை விடவும் முடியாது. அவளை மறுபடி என்னிடம் ஓடிவரச் செய்ய என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.