பேசாத இருவரும் பேச்சு பற்றிய ஆராய்ச்சியும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். பெயர் என்னவோ பெரிசு. வேலை, வரலாற்றுப் பேராசிரியர் அறைக்கும் எதிரே இருந்த தத்துவப் பேராசிரியர் அறைக்கும் நடுவே தூது போவது. இரண்டு துறைகள் சேர்ந்து ஆராய்ந்தால்தான் காசு என்று ஒரு அறக்கட்டளை சொல்லிவிட்டது. காசு என்றதும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைப்பு, 'மனிதர்கள் எப்படி உரையாடுகிறார்கள்'. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆன சங்கதியை அறக்கட்டளையிடம் யார் போய்ச் சொல்வது? வரலாற்றுக்காரரின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய தத்துவக்காரர், எழுத்துப் பெரிதாக இருப்பதால் கண்ணுக்கு நல்லது என்று மட்டும் பாராட்டியிருந்தார். படித்தவர்கள் சண்டைக்கு அது போதாதா!

அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மாமியாரும் ஓரகத்தியும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருந்த காலத்தில் நடுவே நின்று குடித்தனம் நடத்தியவள். "கெழவிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா" என்று ஓரகத்தி கத்தினால், மாமியாரிடம் போய், உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம், அக்கா கவலைப்படுகிறாள் என்பாள். இங்கேயும் அதே கைவரிசைதான். அந்த மண்டைக்கனம் பிடித்தவன் எழுதியதைக் குப்பையில் போடு என்று வரலாற்றுக்காரர் குதித்தால், சார் ரசித்துப் படித்தார், ஒரு பத்தியை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்கிறார் என்று எதிர் அறையில் சொல்வாள். அங்கிருந்து வரும் திட்டுக்கும் அதே சர்க்கரை. இப்படியே பாதிப் புத்தகம் தேறிவிட்டது.

கணவனின் கடை மூடிக் கிடந்தது. வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. நிதியை நீட்டிக்காவிட்டால் நடுத்தெருதான். வேலையை நேரில் பார்க்க அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பேராசிரியர்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமே.

உட்கார்ந்தார்கள். அடித்துக்கொள்ளவில்லை. என் எழுத்தை நீங்கள் இவ்வளவு மதிப்பீர்கள் என்று நினைக்கவேயில்லை என ஒருவர் குழைய, மற்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அறக்கட்டளை அம்மாளும் உருகிப்போய், நிதி தொடரும் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தாள். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது வரலாற்றுக்காரர் பெருந்தன்மையாக வாயைத் திறந்தார். "இனிமே நாங்க நேரடியாவே பேசிக்குவோம் மேடம். ஒருங்கிணைப்பாளர்னு தனியா ஒருத்தர் எதுக்கு, வீண் செலவு."

"அதானே," என்றார் தத்துவக்காரர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. மாசக் கடைசி வரை வேலை இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துபோனாள். கொஞ்ச நாள் அவர்கள் இருவரும் புது மாப்பிள்ளையும் மச்சானும் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு புத்தகத்தில் யார் பெயர் முதலில் என்று பேச்சு வந்தது. இரண்டு கதவும் படாரென்று சாத்திக்கொண்டன. வரலாற்றுக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"அந்த ஆளுக்கு வெக்கம் மானம் இருக்கான்னு நான் கேட்டேன்னு போய்ச் சொல்லும்மா."

அவள் எதிர் அறைக்குப் போனாள். "சார், உங்களுக்கு வெக்கம் மானம் இருக்கான்னு அவர் கேக்கச் சொன்னார்," என்றாள்.

தத்துவக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் திட்டித் தீர்க்கும் வரை பொறுமையாக நின்றாள். சொன்னதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு, ஒரு சொல்கூடக் குறைக்காமல் இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள்.