மஞ்சள் பூசிய செயின் பிளாக்

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். போன வருஷம் மழை விட்டதும் கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த வாரத்தில், இலை உருட்டும் ரோலர் ஒன்றின் கியர்பாக்ஸ் உள்ளே உடைந்து நின்றுவிட்டது. அதைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தி, அடியில் ஓர் ஆள் படுத்துத்தான் பேரிங்கைத் தட்டி எடுக்க வேண்டும். சங்கிலியை இழுத்துப் பளு தூக்கும் புதிய செயின் பிளாக் ரிப்பேருக்காகக் கீழே ஊருக்குப் போயிருந்தது. ஸ்டோரில் கிடந்தது பழையது மட்டும்தான்.

"அதை எடுத்து மாட்டுங்க. ஒருக்கா பார்த்து ரெஜிஸ்டர்ல எழுதி ஒப்புப் போட்டுட்டா வேலைய ஆரம்பிச்சிரலாம்" என்றார் டீமேக்கர். ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தது.

அடியில் படுக்க வேண்டிய ஆள் என் மனைவியின் தம்பி. எண்ணெய் போடும் வேலை அவனுக்கு. ஒல்லியான உடம்பு என்பதால் எப்போதும் அவனைத்தான் உள்ளே அனுப்புவோம்.

"நீங்க பார்த்தா போதும் அத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் சாக்கை விரிக்கப் போய்விட்டான்.

பழைய பிளாக்கை மேசையில் கிடத்திச் சுரண்டத் தொடங்கினேன். மேலே மஞ்சள் பெயின்ட். அதற்குக் கீழே சாம்பல் நிறம், இன்னும் கீழே பச்சை. எத்தனை டன் தூக்கும் என்று சொல்லும் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான். என்னிடமிருந்த மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் நட்டில் உட்காரவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த அங்குல ஸ்பானர்தான் பொருந்தியது. சங்கிலியின் கண்ணிகளில் ஒவ்வொரு பற்றவைப்பும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. மெஷினில் பற்றவைத்தது அப்படி இருக்காது. கையால் அடித்துச் சேர்த்தது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய பொருள்.

பழசாக இருப்பது மட்டும் குற்றமல்ல. சங்கிலி தேய்ந்து நீண்டிருந்தால்தான் அறும் ஆபத்து. பளு ஏறாத கடைசி முனையில் பத்துக் கண்ணிகளை அளந்தேன். பிறகு அதிகம் உழைத்த நடுப்பகுதியில் பத்து. கால் அங்குலத்துக்கும் மேலே கூடியிருந்தது. கண்ணியோடு கண்ணி உரசும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டியபோது இரும்பு தேய்ந்து மெலிந்திருந்தது.

அந்த மஞ்சள் பெயின்ட்டைப் பூசியது நான்தான். சில வருஷத்துக்கு முன் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் ஒரே மத்தியானத்தில் பூசினேன். வருஷாவருஷம் ரெஜிஸ்டரில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒரு தடவைகூட அளந்ததில்லை. முந்தின வருஷத்து வரியைப் பார்த்து அப்படியே எழுதுவேன்.

"இது வேணாம் சார். சங்கிலி நீண்டிருக்கு."

டீமேக்கர் ரெஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் வைத்தார். "போன வருஷம் நல்லாயிருந்துச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஸ்டோர்ல சும்மா கிடந்தது எப்படி நீளும்?"

கெட்டது என்று எழுதினால் அத்தனை வருஷக் கையெழுத்தும் பொய்யாகும். நல்லது என்று எழுதினால் மச்சினன் அடியில் படுப்பான். ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் வேலை இருக்கும்வரைதான்.

"தூக்கித்தான் பாருங்களேன்" என்றார் அவர்.

அடியில் யாரையும் விடாமல் கியர்பாக்ஸை ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தினேன். அரை மணி நேரம் அது அசையவே இல்லை. சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இறங்கட்டும், கொஞ்சமாவது இறங்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை.

"நிக்குதுல்ல? இனி என்ன?"

மச்சினன் குனிந்து உள்ளே நுழையப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போகாதல!" என்று கத்தியது மற்ற ரோலர்களின் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். பிறகு ரெஜிஸ்டரை வாங்கி, 'சங்கிலி நீண்டுள்ளது, பயன்படுத்தக் கூடாது' என்று எழுதினேன்.

வேறு ஃபேக்டரியிலிருந்து பிளாக் வர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு லாட் கொழுந்து கெட்டுப்போனது. மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது: முந்தைய வருஷங்களில் சோதித்தீர்களா, இல்லையா? 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை என்று சொல்லி என்னைக் கொழுந்து எடைபோடும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைக் காப்பாற்றினேன் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன்.

"புது பிளாக் வாங்குறதுக்கு முன்னால, அத்தனை வருஷமும் அதுக்கு அடியிலதானே அவன் படுத்துக் கெடந்தான்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். அன்றைக்கும் மறுநாளும் அவள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சங்கிலி அறுந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சினன் ஷெட்டுப் பக்கம் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பான். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.